கசப்பில் பிறந்த மஞ்சள்

மார்ச் 4
ரிப்போர்ட் நாளைக்குத்தானாம்.

மார்ச் 5
ரத்தத்தில் பிலிருபின் என்ற பித்த நிறமி 7.8. பேரே லத்தீன்: பிலிஸ் பித்தநீர், ரூபெர் சிவப்பு. சிவப்பென்று பேர் வைத்த சரக்கு ஆளை மஞ்சளாக்குகிறது! 3-ஐத் தாண்டினாலே விழிவெள்ளையில் தெரிந்துவிடும். டியூப்லைட்டில் பார்த்தால் ஏமாற்றும். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

மஞ்சள் நிறத்துக்கான ஸ்பானியச் சொல் 'அமரியோ'வையும் இந்த மஞ்சள் காமாலையோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். லத்தீன் அமாருஸ் என்றால் கசப்பு. அதன் சிறுமை வடிவம் அமாரெல்லுஸ். ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியாவின் பிற்கால லத்தீனில் அதற்கு வெளிறிய மஞ்சள் என்று பொருள். பித்தம் கசக்கும், பித்தம் ஏறிய முகம் மஞ்சளிக்கும். இணைப்பு அவ்வளவுதான். மஞ்சளுக்கு லத்தீனில் சொல் பஞ்சமா என்ன? ஃபிளாவுஸ், லூதெயுஸ், கால்பினுஸ் எல்லாம் இருந்தன. பிரெஞ்சு 'ழோன்' கால்பினுஸின் வழி வந்தது. காத்தலான் மொழியில் மஞ்சளுக்கான 'க்ரோக்', குங்குமப்பூவைக் குறிக்கும் க்ரோகுஸிலிருந்து. ஸ்பானியமும் போர்ச்சுகீசியமுமோ நோயாளி முகத்தைப் பிடித்துக்கொண்டன.

மார்ச் 7
கஞ்சிகூட இறங்கவில்லை.

மார்ச் 8
அமாரெல்லுஸ் 'அமரியோ' ஆன ஒலி மாற்றத்தில் ஒரு பிசிறும் இல்லை. குறில் எ, அழுத்தம் விழும் இடத்தில் 'இயெ' ஆகும்: அமாரெல்லு, அமரியெல்லோ. அப்புறம் இன்றைய ஸ்பானியத்தின் அடியான காஸ்தீலியில் இரட்டை ல-வுக்கு முன்னால் அந்த 'இயெ' சுருங்கி வெறும் இ. கோட்டைக்கான லத்தீன் சொல் 'காஸ்தெல்லும்', 'காஸ்தியோ' ஆனதும் இதே வழிதான். எழுத்தில் இரண்டு ல நிற்கிறது, பெரும்பாலோர் வாயில் அது ய. போர்ச்சுகீசியத்தில் எ 'இயெ' ஆகவே இல்லை: காஸ்தேலு, அமரேலு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மூலத்தில் -எல்லுஸ் இருந்தது உறுதி.

மார்ச் 10
'அமரியோ', ஆம்பர் என்ற மஞ்சள் பிசினின் பேரிலிருந்து வந்திருக்குமோ என்று ஒரு கேள்வி. மேலுக்குப் பொருந்தும்; 'ம்ப' காஸ்தீலியில் 'ம' ஆவது வழக்கம்தான். புறாவுக்கான லத்தீன் பலும்பா அங்கே 'பலோமா'. ஆனால் போர்ச்சுகீசியத்தில் அது 'பொம்பா'. ப அப்படியே நிற்கிறது. ஆம்பர்தான் மூலமென்றால் அங்கே 'அம்பரேலு' என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. அரபு வழி ஸ்பெயினுக்கு வந்த ஆம்பரை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

மார்ச் 11
கண் இன்னும் தெளியவில்லை.

மார்ச் 12
கசப்புக்கு ஸ்பானியர் இன்று சொல்வது 'அமார்கோ'. அமரிகாரே என்ற லத்தீன் வினையின் வழி வந்தது: நடுவிலிருந்த இ உதிர்ந்தது, க மெலிந்தது. அதனால் மஞ்சள் என்கிறவர் காதில் கசப்பு விழுவதில்லை. நாளை மறுபடி ரத்தம் கொடுக்கணும், வெறும் வயிற்றில்.