மவுண்டன் பைக்குக்கு மட்கார்டு: ஒரு மழைக்காலச் சோதனைக் குறிப்பு

காட்டுப் பாதைச் சைக்கிளான மவுண்டன் பைக்குக்கு மட்கார்டு எதற்கு என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். உடையில் சேறு படுவதற்கு அஞ்சுகிறவர் மழை நாளில் காட்டுப் பாதைக்கு வரவே வேண்டாம் என்பது அப்போதைய என் கட்சி. இந்த மழைக்காலத்தின் முதல் ஓட்டத்தில், வேர்கள் குறுக்கே ஓடும் ஓர் இறக்கத்தில், முன்சக்கரத்திலிருந்து கிளம்பிய சேறு நேராக இடக்கண்ணில் விழுந்தது. கண்ணாடி கொண்டுபோயிருந்தேன், ஆனால் அதில் சேறு அப்பி எதுவும் தெரியாமல் போனதால் சற்றுமுன்தான் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் எதிரே இருக்கும் பள்ளத்தின் ஆழம் பிடிபடுவதில்லை. மீதி இறக்கத்தை நடந்தே கடந்தேன். மட்கார்டு உடைக்காக அல்ல, பார்வைக்காக என்பது அன்றுதான் உறைத்தது.

என்னுடையது முன்பக்கத்தில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி. 29 அங்குலச் சக்கரம், 2.35 அங்குல டயர். எதையாவது வாங்கி மாட்டுவதற்கு முன் சேறு எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிட விரும்பினேன். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, இருபுறமும் பழைய செய்தித்தாளைத் தொங்கவிட்டு, டயரில் நீரை ஊற்றிக் கையால் வேகமாகச் சுழற்றினேன். டயரின் பின்புறத்தில், அச்சுக்குக் கீழே பிரியும் நீர் பின்னோக்கிச் சாய்ந்து ஃபிரேமின் கீழ்க்குழாயையும் பெடல்களையும் நோக்கிப் போகிறது. அச்சின் உயரத்தில் பிரிவது செங்குத்தாக மேலே எழுகிறது. அதற்கும் மேலே பிரிவது முன்னோக்கி வளைந்து பறக்கிறது. செங்குத்தாக எழுவது முகத்தில் அடிக்கிறது. முன்னோக்கிப் பறப்பது தப்பிவிட்டதாகத் தோன்றினாலும், காற்று அதன் வேகத்தைக் குறைக்க, பின்னால் வரும் நாமே அதற்குள் போய் நுழைகிறோம்.

வேகத்தின் பங்கையும் தாளில் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் விளிம்பு ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 5.5 மீட்டர் நகர்கிறது. அங்கே ஒட்டியிருக்கும் சேற்றைப் புவியீர்ப்பைப்போல் எட்டு மடங்குக்கும் மேலான விசை வெளியே பிடுங்கப் பார்க்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அச்சின் உயரத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் துளி சுமார் ஒன்றரை மீட்டர் மேலே போகும். தடையால் கொஞ்சம் குறைந்தாலும் அது சரியாக என் முகத்தின் உயரம். வேகம் 10 கிலோமீட்டராகப் பாதியானால் எழும் உயரம் கால்பங்காகி 40 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஏற்றத்தில் முழங்கால் மட்டும் நனைவதும் இறக்கத்தில் கண் போவதும் இதனால்தான்.

முதல் மட்கார்டைப் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையிலிருந்து வெட்டினேன். அது பாலிபுரொப்பிலீன், எத்தனை முறை மடித்தாலும் மடிப்பில் எளிதில் விரிசல் விடாது என்பதால் இந்த வேலைக்குத் தோதானது. முதலில் தாளில் மாதிரி வெட்டி, முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் பொருத்திப் பார்த்து, இரண்டாவது மாதிரியில்தான் அளவு சரிவந்தது. 30 சென்டிமீட்டர் நீளம், நடுவில் 22 சென்டிமீட்டர் அகலம், காகிதத்தில் துளையிடும் கருவியாலேயே ஆறு துளைகள், நான்கு ஜிப் டை (இழுத்தால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டு). இரண்டு டை ஃபோர்க்கின் இரு கால்களையும் இணைக்கும் வளைவைச் சுற்றி, மற்ற இரண்டும் கீழ்க்கால்களைச் சுற்றி. பிரேக்குக்குப் போகும் ஹோஸ் குழாய் எந்த டையிலும் நசுங்காமல் பார்த்துக்கொண்டேன். டைகளின் வால்களை ஒட்ட வெட்டாமல் விட்டதற்கு, சக்கரத்தைக் கழற்றும்போது புறங்கையில் விழுந்த கீறல்தான் பலன். அன்றே நகவெட்டியால் அடியோடு நறுக்கினேன்.

பலன் உடனே தெரிந்தது, ஆனால் பாதிதான். வளைவுக்குப் பின்னால் நீண்டிருந்த பகுதி செங்குத்தாக எழும் சேற்றைத் தடுத்துவிட்டது. மெதுவாகப் போகும்வரை முகம் காய்ந்தே இருந்தது. வேகம் கூடியதும் பழைய கதை. வளைவுக்கு முன்னால் நான் விட்டிருந்தது நான்கு விரற்கடை நீளம் மட்டுமே. அந்த இடைவெளி வழியாக முன்னோக்கிப் பறந்த துளிகள் தாழ்வான தூறல்போல எதிரே நின்றன. கடைகளில் கிடைக்கும் குட்டை மட்கார்டுகள் பலவற்றிலும் இதே குறை உண்டு. அவற்றைக் குறை சொல்லும் நோக்கமில்லை. சாதாரண ஈரப் பாதைக்கு அவை போதும், வண்டியில் இருப்பதே தெரியாது.

அடுத்து, முன்னும் பின்னும் நீண்ட மட்கார்டு ஒன்றை வாங்கினேன். இம்முறை டை படும் இடங்களில் ஒளிபுகும் பாதுகாப்பு நாடாவை முன்கூட்டியே ஒட்டினேன், ஏனென்றால் முதல் மட்கார்டைக் கழற்றியபோது டைக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் புகுந்த மணல், உப்புத்தாளால் தேய்த்ததுபோலப் பெயின்டைத் தின்றிருந்தது. புதிய ஃபோர்க்குகள் சிலவற்றில் வளைவின் பின்புறத்திலேயே திருகு துளைகள் வருகின்றன. அத்தகைய ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீண்ட மட்கார்டோடு போன மூன்று ஓட்டங்களில், கண்ணாடியைத் துடைக்க ஒரே ஒரு முறைதான் நின்றேன், அதுவும் மழைத்துளிக்காக.

நான்காவது ஓட்டத்தில் பாடம் கிடைத்தது. அன்று பாதை மணற்பாங்கை விட்டுக் களிமண்ணுக்குள் போயிற்று. களிமண் தெறிப்பதில்லை, அப்புகிறது. இருநூறு அடி போவதற்குள் டயரின் கட்டைகளுக்கு இடையில் களிமண் நிரம்பி, அதன் மேல் சருகு ஒட்டி, அதற்கு மேலும் களிமண் ஏறி, முன்சக்கரம் 'கரகர'வென்று மட்கார்டின் அடியில் உரசத் தொடங்கியது. குச்சியால் குத்திக் குத்தி வெளியே தள்ளினேன். பத்தடியில் மறுபடியும் அடைந்தது. இந்த வகை மட்கார்டு வளைவுக்கும் டயருக்கும் இடையில்தான் அமர்கிறது என்பதால் ஏற்கெனவே உள்ள இடைவெளியில் அதன் தடிப்பு கழிந்துவிடுகிறது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்க்கவில்லை. டயரோடு ஒட்டிய மட்கார்டின் முனை உள்ளே சுருண்டு இழுபட்டால் முன்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும். அது கண்ணில் சேறு விழுவதைவிட மோசமானது. டைகளைக் கத்தியால் அறுத்து, மட்கார்டைச் சுருட்டிப் பையில் வைத்தேன். இப்போது டயருக்கு மேலே இரண்டு விரல் தாராளமாக நுழையும் இடைவெளி இல்லாமல் எதையும் மாட்டுவதில்லை; பாதை களிமண் என்று முன்பே தெரிந்தால் மட்கார்டே இல்லாமல் போகிறேன்.

பின்சக்கரத்துக்கு இவ்வளவு நல்ல தீர்வு கிடைக்கவில்லை. சீட்டின் அடியில் செருகும் சிறு நாக்கு சீட்டை நனையாமல் காக்கிறது, முதுகை அல்ல. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டில் கவ்வும் நீண்ட மட்கார்டு முதுகைக் காத்தது, ஆனால் கரடுமுரடான இறக்கத்தில் அதன் கவ்வி மெல்ல மெல்லத் திரும்பி, கீழே வந்து பார்த்தபோது அது டயரை விட்டு விலகி ஒருபக்கமாக நின்றது. கவ்விக்கு அடியில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டை வைத்த பிறகு திரும்புவது குறைந்தது. உடன் வந்த நண்பரின் வண்டி பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளது. அதே மட்கார்டை அவர் மாட்டிப் பார்த்தபோது, சீட்டைக் கீழிறக்கியதும், சஸ்பென்ஷன் அமுங்கும் ஒவ்வொரு முறையும் டயர் அதில் மோதியது. அவர் அதைக் கழற்றிவிட்டு, பின் ஃபிரேமில் கட்டும் குட்டைத் தகடு போதும் என்று முடிவு செய்தார். அது முதுகுக்கு உதவாது, பின் சஸ்பென்ஷனின் ஷாக்கின் மீது சேறு விழாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

எதிர்பாராத இலாபம் ஃபோர்க்கில். மட்கார்டு இல்லாத நாட்களில் ஃபோர்க்கின் பளபளப்பான மேற்குழாய்களைச் சுற்றி, அழுக்கு உள்ளே போகாமல் தடுக்கும் சீல் இருக்கும் இடத்தில் கருப்பாக ஒரு மணல் வளையம் படியும். இப்போது அந்த வளையம் மெலிந்திருக்கிறது. அதற்காகப் பராமரிப்பைத் தள்ளிப்போடவில்லை. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றும் வழக்கம் தொடர்கிறது. சங்கிலிக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் மட்கார்டால் ஒரு பயனும் இல்லை. அவை முன்போலவே சேறு குடிக்கின்றன, பிரேக் பேடும் முன்போலவே தேய்கிறது.

காலணி இன்னும் நனைகிறது. அச்சுக்குக் கீழே பிரிந்து பின்னோக்கி வரும் நீரை முன் மட்கார்டு தொடுவதே இல்லை. ஃபைல் அட்டையின் மிச்சத் துண்டைக் கீழ்க்குழாயின் அடியில் ஓரங்கள் வெளியே நீளும்படி கட்டிப் பார்த்தேன். நேர்ப் பாதையில் கொஞ்சம் தடுக்கிறது, ஹேண்டிலைத் திருப்பியதும் சக்கரம் அதன் காப்பை விட்டு விலகி, திருப்பத்தின் வெளிப்பக்கத்துக் காலணியை நனைத்துவிடுகிறது. அடுத்த ஓட்டத்துக்கு அந்தத் துண்டை இரண்டு விரற்கடை அகலமாக வெட்டி வைத்திருக்கிறேன்.