பஞ்சுக்கு மேல் வெடிமருந்து

சரக்குக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபீசருக்குச் சம்பளம் தருவதே எதன் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்று யோசிப்பதற்காகத்தான். மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகு. நான் கப்பலை விட்டுக் கரைக்கு வந்து, மும்பையில் இளம் அதிகாரிகளுக்கு ஆபத்தான சரக்குகள் குறித்து வகுப்பெடுக்கத் தொடங்கியபோது, பாடத்துக்கு எடுத்துக்கொண்ட முதல் கப்பல் 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்'. இந்த ஊரிலேயே வெடித்த கப்பலை விட்டுவிட்டு வேறெங்கோ போய் உதாரணம் தேடுவானேன்?

பெயரைச் சொன்னதும் மாணவர்கள் கேட்பது தங்கத்தைப் பற்றி. ஆமாம், சுமார் 8.9 லட்சம் பவுண்ட் மதிப்புள்ள தங்கக் கட்டிகள் அதில் இருந்தன. வெடிப்பில் சிதறிய கட்டிகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் துறைமுகச் சேற்றிலிருந்து கிடைத்தன. சுவையான கதைதான். ஆனால் அந்தக் கதையில் சரக்கு ஏற்றுகிறவன் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

அந்தக் கப்பலின் வாழ்நாள் இரண்டு ஆண்டுகளைத் தாண்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பல்களை ஈடுகட்ட அவசர அவசரமாகக் கட்டப்பட்ட வரிசையில் ஒன்று. 1942-இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட்டில் தயாரானது. மொத்தப் பதிவுக் கொள்ளளவு 7,142 டன். 1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து புறப்பட்டு, ஜிப்ரால்டர், போர்ட் சையது, கராச்சி வழியாகப் பம்பாய்க்கு வந்தது. ஏற்றியிருந்தவை: டார்பிடோக்கள், கண்ணிவெடிகள், குண்டுகள் எனச் சுமார் 1,400 டன் வெடிபொருள், அவற்றில் 238 டன் மிக எளிதில் வெடிக்கக்கூடிய வகை. ஸ்பிட்ஃபயர் விமானங்களும் இருந்தன. இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை. போர்க்காலத்தில் இப்படிப்பட்ட கப்பல்கள் நூற்றுக்கணக்கில் ஓடின.

கராச்சியில்தான் கணக்கு மாறியது. அங்கே கொஞ்சம் சரக்கை இறக்கினார்கள். காலியான இடத்தில் பம்பாய்க்கான 8,700 பொதி பஞ்சு, எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு ஆகியவற்றை ஏற்றினார்கள். போர்க்காலத்தில் காலி இடம் என்பது வீண் செலவு. அந்தக் காலத்து எழுத்தரின் மேசையிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு முடிவும் நியாயமாகத்தான் தெரியும். கீழ் அறையில் பஞ்சு, அதற்கு மேல் தட்டில் வெடிமருந்து என்று சரக்கு அடுக்கிய முழு வரைபடத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால்தான் வயிறு கலங்கும். பஞ்சும் நெருப்பும் என்று பழமொழி சொல்லி வளர்ந்த நமக்கு இதை விளக்கக்கூட வேண்டாம்.

பஞ்சுப் பொதியை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தலையணைப் பஞ்சு போல மெத்தென்று இருக்காது. இயந்திரத்தில் அழுத்தி, இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள். தட்டினால் கட்டை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பொறி புகுந்தால் சுவாலை இல்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றினால் மேற்பரப்பு நனையும், நடுப்பகுதி நனையாது. அணைந்துவிட்டது என்று நினைத்த பொதி மறுபடியும் புகைவது புதிதல்ல. கப்பலில் பஞ்சு இருக்கும்போது ஹோல்டை, அதாவது சரக்கு அறையை, திறந்ததும் நான் முதலில் மோந்து பார்ப்பேன். இதை எழுதினால் இன்றைய அதிகாரிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஏப்ரல் 12-இல் பம்பாய் வந்த கப்பல் விக்டோரியா டாக் என்ற கப்பல்துறையில் நிறுத்தப்பட்டது. வழக்கமான காலமாக இருந்தால் அத்தகைய சரக்கோடு டாக்கினுள் விட்டிருக்கவே மாட்டார்கள். ஆபத்தான சரக்கைக் காட்டும் சிவப்புக் கொடியும் ஏற்றப்படவில்லை. 14-ஆம் தேதி பிற்பகல் 2 மணியளவில் இரண்டாம் எண் ஹோல்டில் தீ என்று தெரிந்தது. அப்போதும் வெடிமருந்து இறங்கி முடியவில்லை.

அடுத்த இரண்டு மணி நேரத்தைத்தான் வகுப்பில் நான் அங்குலம் அங்குலமாக எடுத்துப் பேசுவேன். 900 டன்னுக்கு மேல் தண்ணீரை உள்ளே பாய்ச்சினார்கள். புகையில் தீயின் மூலம் அகப்படவில்லை. தீ உள்ள அறையை மூடி நீராவியைச் செலுத்தியிருக்க வேண்டும் என்றும், தீயணைப்புப் படைக்குத் தகவல் தாமதமாகப் போனது என்றும் பின்னர் விசாரணை கூறியது. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துப் போவதா என்று கரையில் பேச்சு நடந்தது. கேப்டன், துறைமுக அதிகாரிகள், தீயணைப்புத் தலைவர், ராணுவ வெடிமருந்து அதிகாரி என்று எல்லோரும் இருந்தார்கள். 'இதைச் செய்' என்று ஒருவரே கட்டளையிடும் ஏற்பாடு மட்டும் இல்லை. 3:50-க்குக் கப்பலை விட்டு இறங்க உத்தரவு வந்தது. 4:06-க்கு முதல் வெடிப்பு, 4:34-க்கு இரண்டாவது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். மொத்த உயிரிழப்பு 800 முதல் 1,300 வரை இருக்கும் என்பது மதிப்பீடு. சிம்லாவின் நிலநடுக்கமானியிலும் அதிர்வு பதிவானது. இடிபாடுகளை அகற்ற 8,000 பேர் ஏழு மாதம் உழைத்தார்கள். இந்தியாவில் ஏப்ரல் 14-ஐ இன்றும் தீயணைப்புப் பணியாளர் நினைவுநாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

இன்று ஆபத்தான சரக்குகளுக்கான சர்வதேச விதிநூலில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் பெரும் வெடிப்பு வகை, மறுபக்கம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்; இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் '4' என்ற எண் இருக்கும். இடையில் ஒரு முழு ஹோல்டு இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். மனப்பாடம் செய்யத் திணறும் மாணவர்களிடம் அந்தக் கட்டத்தைக் காட்டி, கராச்சியில் சரக்கு அடுக்கிய வரைபடத்தைப் பக்கத்தில் வைப்பேன். அதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை.

ஆனால் அட்டவணை, பேப்பரில் எழுதிய சரக்குக்குத்தான் பொருந்தும். நான் பணியில் இருந்தபோது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய மரக்கரியைச் சாதாரணச் சரக்கு என்று எழுதிக் கொடுத்த ஒரு வணிகரைப் பார்த்திருக்கிறேன். கன்டெய்னரின் கதவோரம் கருந்தூள் படிந்திருந்ததால் பிடிபட்டது. ஏஜென்ட் தொலைபேசியில், "சார், கப்பல் கிளம்பும் நேரம், ஒரு பெட்டிதானே" என்றார். இறக்கச் சொன்னேன். கிரேன் திரும்பி வர நேரமானது, அலுவலகத்திலிருந்து கடுமையான மின்னஞ்சலும் வந்தது. தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'மரக்கரி' என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பிவிட்டேன்.