தடைக்காலத்துல வருமானம் இல்லையாம்

டைவர்ஸ் கேஸ் போட்டது என் வீட்டுக்காரர். இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டது நான். இந்து திருமணச் சட்டம் 24-ஆவது பிரிவு. நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 60 நாளைக்குள்ள, முடிஞ்சவரைக்கும், தீர்த்துடணும்னு அதுலயே இருக்கு. ஆகஸ்டுல போட்டேன். ஆர்டர் வந்தது மார்ச்சுல. நடுவுல அவர் தரப்புல வாங்கின வாய்தாவை எண்றதை நாலோட விட்டுட்டேன்.

2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதிலேர்ந்து, ரெண்டு பேருமே வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா கொடுக்கணும். நான் ஸ்கூல் வேன், கேஸ் சிலிண்டர், பையனோட இன்ஹேலர்னு எழுதினேன். பொண்ணுக்குக் கண்ணாடி மாத்தினதை மறந்துட்டு, ஓரத்துல சேர்த்தேன்.

அவருக்கு கடலூர் முதுநகர்ல போட் என்ஜின் பட்டறை. மாச வருமானம் 9,000-ன்னு எழுதியிருந்தார். அதுலயும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும், மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும், பைசா கிடையாதாம்.

வக்கீல் மேடம் படிச்சுட்டு, "இது நியாயமாத்தானேம்மா தெரியுது?"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கடலுக்குப் போகாத போட்டைத்தானே கரையேத்தி என்ஜினை இறக்குவாங்க! மத்த மாசத்துல யார் விடுவா? எங்க வீட்டுக்குத் தடைக்காலந்தான் தீபாவளி. ராத்திரி பத்து மணிக்கு டீசல் வாடையோட வருவார், சட்டைப்பையில கசங்கின நோட்டு. பதினோரு வருஷமா பட்டறைக் கணக்கு எழுதினதே நான்தான். நீலக் கோடு போட்ட நோட்டு மூணு கையில இருந்துச்சு. யாரோட போட், என்ன ரிப்பேர், எவ்வளவு அட்வான்ஸ், எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொரு மே மாசப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம்.

கோர்ட் ஆர்டர்ல மாசம் எனக்கு 6,000, பிள்ளைங்களுக்குத் தலைக்கு 4,000. மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. அதுவும் அதே தீர்ப்பு சொன்னதுதான். பிப்ரவரி வரைக்கும் ஏழு மாசப் பாக்கியே 98,000 ஆச்சு.

மார்ச் மாசப் பணம் வந்துச்சு, அதுவும் 2,000 குறைச்சலா. பாக்கி வரலை. வசூலுக்குத் தனியா நிறைவேற்று மனு போடணுமாம்.

போன வாரம் முதுநகர் வழியா பஸ்ஸுல போனேன். தடை ஆரம்பிச்சு பத்து நாள்தான் ஆகுது. பட்டறை வாசல்ல நாலு என்ஜின் இறக்கிக் கிடந்துச்சு. போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பிட்டேன்.