31 கிலோ

எங்கள் வீட்டு பாம் ஷெல்டரில் (குண்டு விழுந்தால் ஒதுங்கக் கட்டிய தடித்த சுவர் அறை), அரிசி மூட்டைக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. 2003இல் சிங்கப்பூரின் செங்காங்கில் இந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. மேலே மூன்று கைப்பிடிகள் இருந்தன, இப்போது ஒன்றுதான் மிச்சம். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் அதைப் பழைய டிரங்குப் பெட்டி என்றுதான் நினைப்பார்கள். நானும் திருத்தியதில்லை.

அது அப்பாவின் கிட்டார் ஆம்ப்ளிஃபையர். வாக்ஸ் ஏசி 30, வால்வு (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) போட்டது, இங்கிலாந்தில் செய்தது. விற்பதா, வைத்துக்கொள்வதா என்று நாலு மாதமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு ஈசூன் வீட்டை விட்டுவிட்டு அப்பா எங்களோடு வந்துவிட்டார். அவர் கூடவே அவருடைய கருவிப் பெட்டிகள், மூன்று மின்விசிறிகள், அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் வந்தன. இடம் வேண்டும். குளியலறைத் தராசைக் கொண்டுவந்து அந்தப் பெட்டியை ஏற்றிப் பார்த்தேன். 31 கிலோ.

"வித்துடும்மா, எதுக்கு அது?" என்றார் அப்பா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

அது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா செம்பவாங் நேவல் பேஸில், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், ஃபிட்டராக இருந்தவர். 1968 டிசம்பரில் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அப்பா அதே வாசல் வழியாக அதே வேலைக்குப் போனார், சம்பளச் சீட்டில் மட்டும் முதலாளி பெயர் மாறியது. பிரிட்டிஷ் படைகள் 1971 அக்டோபர் கடைசிக்குள் மூட்டை கட்டின. கிளம்புகிற வெள்ளைக்காரர்கள் குளிர்சாதனப் பெட்டி, பிரம்பு நாற்காலி, குழந்தைச் சைக்கிள் என்று கையில் இருந்ததையெல்லாம் விற்றார்கள். அப்போது அப்பாவுக்கு 24 வயது. ஒருவரிடம் 150 வெள்ளிக்கு (டாலருக்கு) இதை வாங்கினார், அதில் 100 கடன்.

"ஆசைப்பட்டு வாங்குனீங்களாப்பா?"

"இல்லம்மா. 300க்குத் தள்ளிவிட்டுடலாம்னு வாங்குனேன். ஒரு பய வாங்கல."

இத்தனை வருடமாக எனக்குத் தெரியாத விஷயம் இது! எங்கள் குடும்பத்தின் பெரிய இசைக் கதையே விலைபோகாத ஒரு சரக்கில் ஆரம்பித்திருக்கிறது.

கிட்டார் அவருக்கு முன்பே தெரியும். 1961 நவம்பரில் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் ஹேப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் வந்து வாசித்த பிறகு, இந்தத் தீவில் கம்பத்துக்குக் கம்பம் (கிராமத்துக்குக் கிராமம்) பையன்கள் கிட்டார் தூக்கிய காலம் அது. அப்பாவுக்கு அப்போது 14 வயது. உள்ளே போகக் காசில்லாமல் வெளியே நின்று கேட்டதாகச் சொல்வார். இன்னொரு நாள் மரத்தில் ஏறிப் பார்த்ததாகச் சொல்வார். எது உண்மையோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஷேடோஸ் வாசித்தது வாக்ஸில்தான். முதலில் வந்த 15 வாட்ஸ் மாடலின் சத்தம் அவர்களுடைய மேடைகளுக்குப் போதவில்லை, அதனால் பிறந்ததுதான் இந்த 30 வாட்ஸ்காரன். ரசிகைகளின் கத்தலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே!

விற்க முடியாத பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாலு பேரைச் சேர்த்து ஓர் இன்னிசைக் குழு. குழுவின் பெயரை இங்கே போட்டால் அப்பா என்னை வீட்டை விட்டுத் துரத்திவிடுவார், அப்படி ஒரு பெயர். அந்தப் பெயரைப் பெட்டியின் பின்பலகையில் கப்பல் பெயின்ட்டால் வெள்ளையாக எழுதியிருக்கிறார்கள். இந்த மாடலில் ஆறு ஓட்டைகள் உண்டு, ஆறு ஒயர் செருகலாம். வெள்ளைக்காரன் எதற்கு வைத்தானோ, நம் ஆட்கள் மொத்தக் கச்சேரியையும் அதற்குள் அடக்கினார்கள். இரண்டு கிட்டார், பாடகருக்கு ஒரு மைக், அக்கார்டியனுக்கு ஒரு மைக். மிச்ச ஓட்டைகளில் அந்தந்த நாளைக்கு யார் வந்தார்களோ அவர்கள். கல்யாணம், காதணி விழா, கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெட்டி. டாக்சியில் ஏற்றினால் டாக்சிக்காரர் முறைப்பாராம்.

அப்புறம் சூடு. வால்வு ஆம்ப் எல்லாமே சுடும், இது ரொம்பவே சுடும். உள்ளே நாலு இஎல் 84 வால்வுகள் எப்போதும் முழு மூச்சாக ஓடுகிற மாதிரிதான் சர்க்யூட். அதனால் மேடையில் பெட்டியின் மேல் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலங்களை வைத்துவிடுவார்களாம், இடைவேளைக்குள் பதமாக இருக்கும். எனக்கே ஒரு நினைவு உண்டு. நாலைந்து வயதில் ஏதோ ஒரு கல்யாணத்தில் தூக்கம் வந்து அதன் பக்கவாட்டில் சாய்ந்தேன். கன்னத்தில் வெதுவெதுப்பு, உடம்பெல்லாம் ஒரு நடுக்கம். அம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டு அப்பாவைத் திட்டினாள். பாட்டு நிற்கவே இல்லை.

எண்பதுகளில் எலக்ட்ரானிக் கீபோர்டு வந்தது. நாலு பேர் வேலையை ஒருவர் செய்தார், சம்பளமும் ஒருவருக்குத்தான். குழு கலைந்தது. அதற்கு முன்பே ஒரு மழை நாள் கச்சேரியில் ஒரு ஸ்பீக்கர் கிழிந்துவிட, அப்பா சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வேறொன்றை வாங்கி மாட்டினார். கிழிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டார். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்வத்தில் பிளக்கைச் செருகப் போனேன். தம்பி, நல்ல வேளை, போனிலேயே கத்தினான். முப்பது வருடம் தூங்கிய வால்வு ஆம்பை அப்படி நேரடியாக எழுப்பக் கூடாதாம். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற கண்டென்சர்கள் காய்ந்துபோயிருக்கும், வெடிக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரையும் கூட இழுத்துக்கொண்டு போகலாம். 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்?

காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் பழைய வால்வு ரேடியோக்கள் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். அப்பாவும் அவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு சாதாரண குண்டு பல்பை மின்சார ஒயருக்கு நடுவில் மாட்டினார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், ஆம்ப் தப்பிக்கும். பல்ப் பளிச்சென்றுதான் எரிந்தது. கண்டென்சர்களை மாற்றி, எர்த் ஒயர் சேர்த்து, மூன்று வாரம் கழித்து 480 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

அவர் பெட்டியைத் திறந்து காட்டியபோதுதான் விலையின் சூட்சுமம் புரிந்தது. சாம்பல் நிறப் பலகையைப் பார்த்து 1965 வாக்கில் செய்தது என்றார். ஜெனிங்ஸ் கம்பெனி கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் வைத்துச் செய்துகொண்டிருந்த காலம். இன்று வாக்ஸ் பெயர் ஜப்பானின் கோர்க் நிறுவனத்திடம் இருக்கிறது. சேகரிப்பவர்கள் தேடுவது பழையதைத்தான், அதுவும் கைபடாத பழையதை. நம் பெட்டியில் கைபடாத இடமே கிடையாது. பின்பலகையில் கப்பல் பெயின்ட், பக்கத்தில் அப்பா போட்ட இரும்புப் பட்டை, உள்ளே கப்பல் பட்டறை ஈயப்பற்று. எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஸ்பீக்கர். அசலில் இருந்தவை இரண்டு நீல நிற செலஸ்டியன் ஸ்பீக்கர்கள், ஜோடியாக இருந்தால் தனி மதிப்பு. நம்மிடம் ஒன்றுதான் நீலம். இன்னொன்று சுங்கை ரோடு.

"இந்த நீலம் ஒண்ணே தனியா நல்ல விலைக்குப் போகும், வால்வையும் தனியா வித்தா மொத்தமா விக்கிறதைவிட லாபம்" என்றார் பெரியவர். தம்பிக்கு அந்த யோசனை பிடித்தது. கணக்குப் பார்த்தால் எனக்கும் பிடித்திருக்க வேண்டும். கோழிக்கடையில் காலைத் தனியாக, நெஞ்சைத் தனியாக எடை போடுவது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

சரி, முழுசாகவே விற்போம் என்று கரோசெல்லில், பழைய சாமான் விற்கிற இணையச் சந்தையில், படம் போட்டேன். சுங்கை ரோடு ஸ்பீக்கரையும் மறைக்கவில்லை.

முதலில் ஓர் இளைஞர் வந்தார், பொறியாளர். தட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, 2,800 என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து அப்பா, "நாலாயிரம்."

இரண்டாவது ஆள் அறுபதைத் தாண்டிய மலாய்க்காரர், அந்தக் காலத்தில் அவரும் குழுவில் வாசித்தவர். சொந்தக் கிட்டாரோடு வந்தார். மதியம் மூன்று மணிக்கு, சத்தத்தை இரண்டில் வைத்து வாசித்தார். இந்த ஆம்பின் ருசி முடுக்கினால்தான் வரும், புளோக்கில் முடுக்கினால் போலீஸ் வரும், என்ன செய்வது? இரண்டில் வைத்தே சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாலாயிரம் தருகிறேன் என்றார். அப்பா கோப்பியை ஆற்றிக்கொண்டே, "அஞ்சாயிரத்து ஐநூறு" என்றார். அவர் கோபிக்கவே இல்லை. சிரித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பழைய கதை பேசிவிட்டு, வெறுங்கையோடு சந்தோஷமாகப் போனார்.

மூன்றாவது ஆள் வரவே இல்லை. பார்க்காமலே ஐயாயிரத்து ஐநூறு தருவதாகச் செய்தி அனுப்பினார். அப்பா கேட்ட அதே விலை! போய்ச் சொன்னேன்.

"பார்க்காமலே இவ்வளவு தர்றான்னா, இன்னும் ஏறும்போல. பொறு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் ஒரு தடவைகூட விற்க மாட்டேன் என்று சொல்லவில்லை. விலையைத்தான் ஏற்றிக்கொண்டே போகிறார்.

இதற்கு நடுவில் என் மகன் வேறு. வரும் ஆண்டு தேசிய சேவைக்குப் போகப் போகிறான், கிட்டார் வாசிப்பான். ஆனால் அவனுக்கு ஆம்ப் எல்லாம் தேவையில்லை, எல்லாம் லேப்டாப்புக்குள் இருக்கிறது. "தாத்தா, உங்க ஆம்ப் இதுலயே இருக்கு, பாருங்க" என்று பட்டியலில் அதைத் தேடி எடுத்து, ஹெட்ஃபோனைத் தாத்தா காதில் மாட்டி வாசித்துக் காட்டினான். அப்பா கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டார்.

"நல்லாருக்குப்பா. அதே சத்தம்தான்" என்றார். பிறகு லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடுதான் இல்ல."

அன்று இரவு கணக்குப் போட்டேன், எனக்குத் தெரிந்த வேலை அதுதானே. வாங்கிய விலை 150. பழுதுபார்த்தது 480. அது அடைத்திருக்கும் தரை 0.2 சதுர மீட்டருக்கும் குறைவு. எங்கள் வட்டார மறுவிற்பனை விலையில் அந்தத் தரைக்கு ஆயிரம் வெள்ளி சொல்லலாம். எதிர்ப்பக்கம் ஐயாயிரத்து ஐநூறு. கூட்டிக் கழித்தால் விற்க வேண்டும், சந்தேகமே இல்லை. தாளை மடித்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் கரோசெல்லில் போட்டிருந்த படங்களை எடுத்துவிட்டேன். மூன்றாவது ஆளுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி. அப்பாவிடம் மட்டும் கொஞ்சம் பொய் சொன்னேன்.

"யாரும் அந்த விலைக்கு வாங்கலப்பா."

"நான்தான் சொன்னேனே," என்றார், தமிழ் முரசிலிருந்து தலையைத் தூக்காமல். "எழுபத்தொண்ணுலயும் இதே கதைதான்."

மாதம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள் என்று காக்கி புக்கிட் பெரியவர் சொல்லியிருக்கிறார். ஓட்டும்போது மேலே எதுவும் இருக்கக் கூடாதாம், சூடு வெளியேற வேண்டும். அரிசி மூட்டையை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டேன்.