வாச்சாத்தி ஆய்வும் நான்கு பக்கப் படிவமும்

"போராட்டத்தை ஆராயப் போகிறீர்களா, போராடப் போகிறீர்களா?" ஆய்வுக் குழுவின் முதல் கூட்டத்திலேயே வந்த கேள்வி. இரண்டும்தான் என்று சொல்ல வாய் துடித்தது. நெறியாளர் கண்ணைக் காட்டவே அடக்கிக்கொண்டேன்.

தருமபுரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டே தொடர்பியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்திருந்தேன். அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய்த் துறையினர் புகுந்து ஊர் மக்களை அடித்தும் பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியும் செய்த கொடுமைகள் ஊரறிந்தவை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். அத்தனை ஆண்டுகள் அந்த வழக்கு மறக்கப்படாமல் தப்பியது எப்படி, யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்பதே என் ஆய்வு.

பாடத் தேர்வுகளெல்லாம் பெரிய தொல்லை இல்லை. தொல்லை, பேட்டி கொடுப்பவர்களிடம் வாங்க வேண்டிய ஒப்புதல் படிவத்தில் வந்தது. நான்கு பக்கம், அடியில் கையெழுத்தோ ரேகையோ கட்டாயம். அரசு முத்திரையோடு வந்தவர்களிடம் அடிபட்ட ஊரில் முத்திரை போட்ட தாளை நீட்டுவது எத்தனை அபத்தம்! மூதாட்டி ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரைமேல் விரலை வைத்து, "இது எந்த ஆபீஸ் கண்ணு?" என்றார். சொன்னேன். "எவ்வளவு வேண்டுமானாலும் பேசுகிறேன். ரேகை மட்டும் கேட்காதே" என்று தாளை என் பைக்குள்ளேயே செருகிவிட்டார்.

சாட்சியோடு ஒலிப்பதிவு செய்த வாய்மொழி ஒப்புதல் போதும் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். இழுத்தடித்துத்தான் ஏற்றார்கள். அடுத்து, பேட்டி கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பின்னிணைப்பில் சேர்க்கச் சொன்னார்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவின்படி குற்றம் என்று ஒரு வரி எழுதியதும் அந்தப் பேச்சு அடங்கியது.

வாய்மொழித் தேர்வில் "நடுநிலை எங்கே?" என்றார் வெளித்தேர்வாளர். அரசுத் தரப்பு வாதத்துக்கே தனி இயல் ஒதுக்கியிருந்தேன். பக்க எண்ணைச் சொன்னேன்.

பட்டம் வந்த பிறகும் கௌரவ விரிவுரையாளர்தான், அது வேறு கதை. இத்தகைய தலைப்பில் பதிகிறவர்கள் வாய்மொழி ஒப்புதலை முதல் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். 228ஏ இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 72ஆம் பிரிவு, அதையும் குறிப்பிடுங்கள்.