கொப்பியில் நனைந்த ‘மளை’

தரம் 10 மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, சென்ற மாரியில் எழுதப்பட்ட ஒரு கட்டுரை இன்னும் நினைவை விட்டு அகலவில்லை. வீட்டிலிருந்து வட்ஸ்அப்பில் தட்டச்சுச் செய்து அனுப்பியபோது ‘மழை’, ‘வாழை’ என ஒரு பிழையுமின்றி எழுதியிருந்த மாணவி, அடுத்த வாரம் அதே தலைப்பில் கொப்பியில் எழுதியபோது ‘மளை’ என்றும் ‘வாளை’ என்றும் எழுதியிருந்தாள். வாழை மரம் மீனாகிவிட்டதே என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், இங்கே காது கைக்கு உதவுவதில்லை. எழுதி எழுதித்தான் பழக வேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ‘மலை’, ‘மழை’, ‘மாலை’ எனச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பிள்ளை கண்ணுக்குப் பழகியதைத் தொட்டால் போதும். கண்டால் தெரிவது ஒன்று, காணாமலே எழுத வருவது இன்னொன்று. சாதாரண தரப் பரீட்சையோ இன்றும் பேனையால்தான் எழுதப்படுகிறது.

ஒற்றெழுத்தின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. விசைப்பலகை ஒவ்வொரு சொல்லாகவே எடுத்துத் தருகிறது. ‘படித்துப் பார்த்தேன்’ என்பதில் வரும் ‘ப்’ அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பார்த்துப் பிறப்பது. ‘படித்து’ என்பதைத் தொட்டுவிட்டு ‘பார்த்தேன்’ என்பதையும் தொடும் மாணவருக்கு, இரண்டு சொற்களும் சேரும் இடத்தில் நின்று யோசிக்கும் அந்தக் கணமே வாய்ப்பதில்லை. வல்லினம் மிகும் இடங்களை நான் கரும்பலகையில் எத்தனை முறை விளக்கினாலும், விரல் பழகிய வழக்கமே வெல்கிறது. நிறுத்தக்குறிகளும் அவ்வாறே உதிர்கின்றன. 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவி, நிறுத்தக்குறிகளோடு கூடிய தெளிவான உரைநடையைப் பரப்பிய ஆறுமுக நாவலரின் ஊரில் இது நடப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஆயினும் கணினியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்த நான் விரும்பவில்லை. கொப்பியில் திருத்தி எழுதச் சொன்னால் பிள்ளைகள் நான் சிவப்பு மையால் வட்டமிட்ட சொற்களை மட்டும் மாற்றித் தருவார்கள். கைநோக முழுவதையும் மீண்டும் எழுத யார்தான் விரும்புவார்கள்? திரையில் ஒரு பந்தியைத் தூக்கி மேலே வைப்பதும், ஒரு வசனத்தைக் கலைத்துப் பார்ப்பதும் எளிது. ஆகவே இந்தத் தவணை முதல் வரைவைக் கொப்பியிலும், ஒற்றுகளைச் சரிபார்த்த பின் அடுத்த வரைவைக் கணினியிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பகிர்ந்துகொண்ட ஆவணத்தில் பழைய வரைவுகளும் சேமிக்கப்பட்டிருப்பதால், அதே மாணவி தன் முதல் வசனத்தை நான்கு முறை மாற்றியிருப்பதைக் கண்டேன். ‘மழை பெய்தது’ என்று தொடங்கிய கட்டுரை இப்போது இப்படித் தொடங்குகிறது: ‘வானம் கறுத்ததும், கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு அம்மா ஓடி வந்தார்.’