சிலந்தி வலையோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

கறுப்பு வண்டி வாங்காதே என்றவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நிழலில் கண்ணாடிபோல இருக்கும் பானெட், வெயிலுக்கு வந்ததும் சிலந்தி வலை பின்னிக்கொள்ளும். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். எல்லாம் நாங்களே போட்டவை. தூசி படிந்த வண்டியைத் தினமும் உலர்ந்த துணியால் துடைத்த புண்ணியம்.

அவற்றைப் பாலிஷ் போட்டு நீக்க நானே இறங்கினேன். கழுவுவதும், ஒட்டிய அழுக்கை இழுக்கும் களிமண் கட்டியான க்ளே பாரைத் தேய்ப்பதும் சிக்கலின்றி முடிந்தன. கீறல் நன்றாகத் தெரியட்டும் என்று வெயிலிலேயே பாலிஷரை, அதாவது பாலிஷ் போடும் மெஷினை, ஓட்டியதுதான் முதல் ஞாயிற்றின் மடத்தனம். சுட்ட தகட்டில், கீறலைத் தேய்த்தெடுக்கும் பசையான காம்பவுண்டு நொடியில் காய்ந்து மாவாகிவிட்டது. மாஸ்கிங் டேப் ஒட்டச் சோம்பல்பட்டிருந்தேன். வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக்கில் அந்த வெள்ளை ஏறிக்கொண்டது. பழைய பல்துலக்கியால் அதைச் சுரண்டுவதிலேயே பொழுது சாய்ந்தது.

அடுத்த வாரம் நிழலில் தொடங்கினேன். எவ்வளவு தேய்த்தும் கீறல் அசையவில்லை. கோபத்தில் இன்னும் அழுத்தினேன். தவறே அதுதான். டூயல் ஆக்‌ஷன் (அதிர்ந்துகொண்டே சுழலும்) பாலிஷரை அமுக்கினால், அதில் ஒட்டிய தேய்க்கும் பஞ்சான பேட் அதிருமே தவிரச் சுழலாது. பேட் ஒட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி. கையைத் தளர்த்தி, மெதுவாக நகர்த்தியதும் பானெட் பளபளத்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு முறை ஷாம்பு போட்டுக் கழுவினேன், வலை திரும்ப வந்துவிட்டது! கீறல் போகவே இல்லை. பாலிஷில் இருந்த எண்ணெய் அதை நிரப்பி மறைத்திருக்கிறது.

ஆகவே மூன்றாம் ஞாயிறு. இரண்டு சாண் சதுரம் மட்டும் தேய்ப்பது, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது, டார்ச் அடித்துப் பார்ப்பது. அங்கே கீறல் மறைந்த பிறகுதான் அடுத்த சதுரம். பேட்டில் சேரும் பசையை அவ்வப்போது பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே புதுக் கோடு போடும்.

பானெட்டின் பின்விளிம்பில் பேட் திடீரென்று கறுத்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற பூச்சு நிறமற்றது. பேட்டில் வண்டியின் நிறம் ஏறினால் அது தேய்ந்து அடியிலுள்ள பெயின்ட் வந்துவிட்டது என்று பொருள். அந்தப் பூச்சே தலைமுடியைவிட மெல்லியது, விளிம்புகளில் இன்னும் மெலிந்திருக்கும். டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். டேப் பிய்ந்து, பேட் பிளாஸ்டிக்கில் உரசியிருக்கிறது, அவ்வளவுதான். அதன்பிறகு விளிம்பு எதிலும் மெஷினை வைக்கவில்லை, கையால்தான்.

கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் நகம் பட்ட கோடுகள் சில ஆழமாக இருந்தன. அவற்றைத் துரத்தவில்லை. வாக்ஸ் பூசி முடித்தபோது இருட்டிவிட்டது. டார்ச் வெளிச்சம் பானெட்டில் வலையில்லாமல் ஒற்றைப் புள்ளியாக நின்றது.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல உலர்ந்த துணியோடு வண்டியை நோக்கி நடந்தார். அவ்வளவு வேகமாக நான் மாடிப்படி இறங்கியதே இல்லை.